இரண்டு சம்பந்திகளும் ஒரு துடுப்புப் படகும்

யாங்கோன் விமான நிலையத்துக்கு என் மகள் கவிதாவும் சம்பந்தியும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சிவா வரவில்லை. அவருக்கு ஏரியில் வேலை என்றார்கள். கல்யாணம் பேசும்போது அவர் டூரிஸ்ட் கம்பெனி வைத்திருக்கிறார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். டூரிஸ்ட் கம்பெனிக்காரருக்கு ஏரியில் என்ன வேலை என்று நான் கேட்பதற்குள் டாக்ஸி வந்துவிட்டது. முன் சீட்டில் யார் உட்காருவது என்று எனக்கும் சம்பந்திக்கும் ஒரு இழுபறி. "நீங்க உக்காருங்க சம்பந்தி." "இல்லல்ல, நீங்க." டிரைவர் பர்மிய மொழியில் ஏதோ கேட்டார். "உங்க ரெண்டு பேர்ல யாருக்குப் பயம்னு கேக்குறார்ப்பா" என்றாள் கவிதா. நான் முன்னால் ஏறினேன்.

டிரைவர் கேட்டது நியாயமான கேள்வி. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. எல்லாம் ஜப்பானில் ஓடி ஓய்ந்த வண்டிகள். ஆகவே இடது சீட்டில் இருப்பவர் நடுச்சாலையில் இருக்கிறார். எதிரே வரும் லாரியை டிரைவருக்கு முன்பே அவர் பார்த்துவிடுகிறார். பார்த்து ஒன்றும் செய்ய முடியாது. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். வண்டிகளைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. அன்று அவற்றை வெளியிடவில்லை.

நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. கவிதாவுக்கு அப்போது ஆறாவது மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் மன்னார்குடியில் யாரும் விவாதிக்கிற விஷயமில்லை. வயிறு பெரிதானால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று யாரோ சொல்லிவிட, என் மனைவி ருக்மணி ஒரு பெட்டி நிறைய கண்ணாடி வளையலைக் கொடுத்து என்னை அனுப்பிவிட்டாள். "பொண்ணோட வாங்க. பேச்சை வளர்த்துக்கிட்டு நிக்காதீங்க" என்பது கடைசி உத்தரவு. கடல் தாண்டிப் பெண் கொடுப்பதில் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே சம்மதமில்லை. மாப்பிள்ளையின் அத்தை எங்கள் தெருவில் இருக்கிறார். அவர்தான் பையனின் போட்டோவைக் காட்டிக் காட்டியே காரியத்தை முடித்தவர்.

சம்பந்தியின் பெயர் ராமையா. கடைவீதியில் அவரை ஊ டின் என்கிறார்கள். 'ஊ' என்பது நம் 'ஐயா' மாதிரி. அவருடைய தாத்தா ரயில்வே வேலைக்கு வந்தவர். இவர் நகரின் லான்மடா பகுதியில் தையல் சாமான் கடை வைத்திருக்கிறார். பொத்தான், ஜிப், நூல்கண்டு, ஊசி. மனைவி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. கடைக்குப் பின்தெருவில் மூன்றாவது மாடியில் வீடு. படிக்கட்டு ஏணிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு. அதில் ஏற விரும்பாதவர்களுக்காக ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்குகிறது. நுனியில் கிளிப். பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும். கவிதா அந்தக் கயிற்றில் கீரைக்கட்டு தூக்குவதைப் பார்த்தேன். ஆறு மாத வயிற்றோடு அந்தப் படியில் அவள் இறங்கவே தேவையில்லை என்று சம்பந்தி பெருமையோடு சொன்னார். எனக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். "சம்பந்தி, கவிதாவைக் கூட்டிக்கிட்டுப் போற விஷயமா..."

"மொதல்ல சாப்பிடுங்க" என்றார்.

சாப்பிட்ட பிறகு மறுபடி ஆரம்பித்தேன். "மொதல்ல தூங்குங்க. களைப்பா இருப்பீங்க" என்றார்.

மறுநாள் காலை டீக்கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே நாற்காலிகள் பாலர் பள்ளி உயரத்தில் இருக்கின்றன. முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சம்பந்தி உட்கார்ந்ததும் உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பது போல இரண்டு தடவை சத்தம் எழுப்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டீ வந்தது. அந்த ஊரில் சப்ளையரை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் அப்படிக் கூப்பிட்டால் டீக்குப் பதிலாக வேறு ஏதாவது வரும்.

சாப்பிட மொஹிங்கா. சென்னை பர்மா பஜார் பக்கம் இதை விற்பார்கள், நான் சாப்பிட்டதில்லை. மீனை வேகவைத்துக் கரைத்த குழம்பில் வாழைத்தண்டை வில்லை வில்லையாகப் போட்டு, சேமியா மாதிரி அரிசி நூலின் மேல் ஊற்றுகிறார்கள். வாழைத்தண்டு கல்லடைப்புக்கு நல்லது, மீன் கண்ணுக்கு நல்லது என்று சமாதானம் செய்துகொண்டு சாப்பிட்டேன். இரண்டாவது கிண்ணத்துக்குச் சமாதானம் தேவைப்படவில்லை.

"சம்பந்தி, கவிதா விஷயம்" என்றேன்.

"பெரிய பகோடா பாக்காம ஒருத்தரும் ரங்கோனை விட்டுப் போகக் கூடாது" என்றார். அவருக்கு அது இன்னும் ரங்கோன்தான். பகோடா என்கிற புத்தர் கோயிலுக்குப் போனோம். பொன் பொன்னாக இருந்தது. செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில், தரை முழுக்கப் பளிங்கு. கால் சுடும்போது குடும்ப விஷயம் பேச முடியாது என்பதை அவர் அறிந்தே நேரம் பார்த்திருந்தார் என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்த நாள் ஆற்றுக்கு அந்தப்பக்கம் தன்லியினில் இருக்கும் அவருடைய நண்பர் வீட்டுக்கு பஸ்ஸில் போனோம். அந்த பஸ்ஸைப் பற்றி நான் தனியாக ஒரு அறிக்கை எழுதலாம். கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் கூவுகிறார். இறங்குகிறவர்கள் உள்ளிருந்து "பாடே" என்கிறார்கள். 'இருக்கு' என்று அர்த்தம். யாரும் சொல்லாவிட்டால் பஸ் நிற்காது. நல்ல ஏற்பாடு. ஆனால் நீளமான பாலத்தின் நட்டநடுவில், யாரும் "பாடே" சொல்லாமலே பஸ் நின்றுவிட்டது. டீசல் தீர்ந்துவிட்டது. டிரைவர் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்து போனார். நம் ஊராக இருந்தால் அவர் திரும்பி வருவதற்குள் கண்டக்டரின் வம்சமே விசாரிக்கப்பட்டிருக்கும். இங்கே ஜனங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் சந்தனம் மாதிரி தனக்காப் பட்டை பூசிய ஒரு பெண்மணி எங்கிருந்தோ ஏறி, அவித்த காடை முட்டை விற்றார். சம்பந்தி எனக்கு உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"யாடே சம்பந்தி, யாடே" என்றார். அவர் எதற்கும் சொல்கிற சொல் அது. பரவாயில்லை, ஆகட்டும், விடுங்கள், எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். வாயில் முட்டையோடு நான் என்ன பேச?

தன்லியின் நண்பருக்குக் காது கேட்காது. எங்கள் வீட்டு விஷயத்தை அவர் முன்னால் பேசினால் தெருவுக்கே கேட்கும்படி பேச வேண்டியிருக்கும். சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

சாயங்காலம் கவிதா அடுப்படியில் தனியாக இருந்தாள். அக்கம்பக்கத்தார் அவளை "மா கவிதா" என்று கூப்பிடுகிறார்கள். முதல் நாள் எல்லாரும் அவளை அம்மா என்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். 'மா' என்பது பெண்களுக்கு வைக்கிற மரியாதை அடைமொழி என்று பிறகு தெரிந்தது. "நீ என்னம்மா சொல்றே? கிளம்பலாமா?" என்று கேட்டேன். அவள் குழம்பைக் கிளறினாள். கிளற வேண்டிய நிலையில் அந்தக் குழம்பு இல்லை.

"மாமாகிட்டப் பேசுங்கப்பா" என்றாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் வேறு பெண்பிள்ளை கிடையாது. இவள் வந்துவிட்டால் சமைக்க ஆளில்லை. மாமனார் விடமாட்டேன் என்கிறார், பெண் வாய் திறக்கப் பயப்படுகிறாள். டிக்கெட் இல்லாமல் ஏறியவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவன் நான். இதையா கண்டுபிடிக்க மாட்டேன்?

மாப்பிள்ளை அன்று இருட்டுவதற்குள் வந்துவிட்டார். நல்ல உயரம், வெயிலில் கறுத்த பையன். தமிழ் புரியும், பேசும்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுப்பார். அவருடைய டூரிஸ்ட் கம்பெனி என்பது சில துடுப்புப் படகுகளும் ஒரு பழைய பிக்கப் வண்டியும். நகருக்கு வடக்கே, மாவ்பி போகிற பக்கம், ஏரியைச் சுற்றி ஒரு காட்டுப் பூங்கா இருக்கிறது. வெள்ளைக்காரர்களையும் ஜப்பான்காரர்களையும் அங்கே அரை நாள் படகில் கூட்டிப் போய் மானும் பறவையும் காட்டுவார். துடுப்பை அவர்களே போட வேண்டும். அதற்குத்தான் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள். இதை ருக்மணியிடம் எப்படி விளக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார். "மாமா, நாளைக்கு நீங்க வாங்க. அப்பாவும் வரட்டும். ரெண்டு பேருக்கும் ஒரு படகு."

சம்பந்தி கடையில் வேலை இருக்கிறது என்றார். நான் அவரும் வந்தால்தான் வருவேன் என்றேன். ஏரி நடுவில் பகோடா கிடையாது, காடை முட்டை கிடையாது, காது கேட்காத நண்பர் கிடையாது.

காலைப் பனி விலகுவதற்கு முன் கிளம்பினோம். பிக்கப்பின் தலையில் படகுகள், பின்னால் பலகையில் நானும் சம்பந்தியும். எங்களோடு ஒரு வயதான ஜப்பானியத் தம்பதி. தூதரகத்தில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வந்தவர்களாம். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. மாப்பிள்ளை தண்ணீர் தேடிப் போனார். ஜப்பானியர் தன் தொப்பியைக் கழற்றி எங்களுக்கு வணங்கினார், நாங்கள் வணங்கினோம், அந்த அம்மாள் வணங்கினார். வண்டி மறுபடி புறப்படும்வரை இதை அவ்வப்போது செய்துகொண்டிருந்தோம்.

ஏரி பெரிது. கரையெல்லாம் காடு. தண்ணீர் அசையாமல் தட்டு மாதிரி கிடந்தது. மாப்பிள்ளை எல்லோருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஆளுக்கொரு விசில் கட்டினார். என் வயிற்றில் பெல்ட் எட்டவில்லை. கயிறு போட்டுக் கட்டினார். பிறகு விதிகளைச் சொன்னார். அங்கே அவர் வேறு ஆளாக இருந்தார். குரலில் அதிகாரம் இருந்தது.

"ஒருத்தர் வலது பக்கம் துடுப்பு, ஒருத்தர் இடது பக்கம். பின்னாடி இருக்கவங்கதான் படகைத் திருப்பணும். குரங்குக்குச் சாப்பாடு காட்டக் கூடாது. விசில் ஒண்ணு ஊதினா நில்லுன்னு அர்த்தம். மூணு ஊதினா ஆபத்து. படகுல யாரும் எழுந்து நிக்கக் கூடாது. நின்னா படகு குப்புறத் தூங்கும்."

யார் முன்னால், யார் பின்னால் என்று மறுபடி ஆரம்பித்தது. "நீங்க முன்னாடி வாங்க சம்பந்தி." "அது மரியாதையா இருக்காது." ஜப்பானியத் தம்பதி அதற்குள் படகில் ஏறி ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். மாப்பிள்ளை, "மாமா வெயிட் அதிகம், பின்னாடி" என்று தீர்ப்பளித்தார். ஆயுள் முழுக்க பஸ்ஸில் இருந்தும் ஒரு தடவைகூட ஸ்டியரிங்கைத் தொடாதவன் நான்.

அந்த ஜப்பானியர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வலது பக்கம் போட்டால் அந்த அம்மாள் இடது பக்கம் போட்டார். எடுக்கும்போது இரண்டு துடுப்பும் ஒன்றாக வெளியே வந்தன. நாங்கள் விடாமல் பேசினோம். "நீங்க எந்தப் பக்கம் போடுறீங்க?" "உங்களுக்கு எந்தப் பக்கம் சௌகரியம்?" "எனக்கு ஒண்ணுமில்ல, உங்க இஷ்டம்." எனக்கு விட்டுக்கொடுக்க அவர் இடது பக்கம் போட, அவருக்கு விட்டுக்கொடுக்க நானும் இடது பக்கம் போட, படகு வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கரையில் ஒரு மான் தண்ணீர் குடிக்க வந்தது. நாங்கள் அதை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை பார்த்தோம். அது எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. காட்டு மிருகத்தை இவ்வளவு நேரம் நிற்க வைத்தவர்கள் வேறு யாரும் இல்லை என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார்.

எப்படியோ நேராகப் போகக் கற்றுக்கொண்டோம். முன்னால் மாப்பிள்ளை, அவருக்குப் பின்னால் ஜப்பானியர், கடைசியில் நாங்கள். ஏரியின் ஒரு கை காட்டுக்குள் ஒடுங்கிப் போகிறது. முன்பு மரங்கள் இருந்த இடத்தில் தண்ணீர் தேங்கியதால் அடியில் மொட்டையான மரக்கட்டைகள் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின் மேல் சிறகை விரித்து, துணி காயப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் படகு ஒரு கட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. துடுப்புப் போட்டால் இருந்த இடத்திலேயே சுழன்றது, முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. மற்ற இரண்டு படகும் வளைவில் மறைந்துவிட்டன.

நான் விசிலை எடுத்து ஊதினேன். வாயில் விசில் வந்தால் என் வாய்க்கு ஒரு பழக்கம்தான் தெரியும். இரண்டு தடவை ஊதினேன். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் 'ரைட், போகலாம்'. வளைவுக்கு அப்பாலிருந்து மாப்பிள்ளையும் சந்தோஷமாக இரண்டு தடவை ஊதினார். போய்விட்டார்.

"யாடே. திரும்பி வருவான்" என்றார் சம்பந்தி. மறுபடி ஊதலாம் என்று சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லவில்லை, நானும் ஊதவில்லை. எனக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்கப் போவதில்லை.

"சம்பந்தி, நான் எதுக்கு வந்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"கவிதாவை அனுப்ப உங்களுக்கு இஷ்டமில்லையா? இல்லேன்னா நேரா சொல்லிடுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

தப்பாக நினைப்பதாகத்தான் இருந்தேன். அவர் முன்னால் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அவருடைய முதுகும் ஆரஞ்சு ஜாக்கெட்டும்தான் தெரிந்தன. துடுப்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

"போன வருஷம் ஒண்ணு தங்கல சம்பந்தி" என்றார்.

எது தங்கவில்லை என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் புரிந்துவிட்டது.

"மழைக்காலம். சிவா ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வடக்க போயிருந்தான். வீட்டுல நான்தான். திடீர்னு, 'மாமா, முடியல'ன்னு சொன்னா. தெருவுல தண்ணி, டாக்ஸி எதுவும் உள்ள வரல. சைக்கார்ல வெச்சுக் கூட்டிப் போனேன்." சைக்கிளுக்குப் பக்கத்தில் சீட்டு வைத்த வண்டி அது. "ஆஸ்பத்திரில நர்ஸம்மா நீ யாருன்னு கேட்டாங்க. மாமனார்னா உள்ள விடமாட்டாங்களோன்னு பயமாயிருச்சு. அப்பான்னு சொல்லிட்டேன்."

ஒரு நீர்க்காகம் சிறகை மடக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போயிற்று.

"அதை ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நேரத்துக்கு அதான் வாயில வந்துச்சு."

 அவரே தொடர்ந்தார்.

"இப்ப இது நிக்கணும்னு தையல் போட்டிருக்காங்க." பகல் முழுக்கத் தையல் சாமான் விற்கிற மனிதர், கர்ப்பப்பை வாயில் போடும் அந்தத் தையலைச் சொல்லும்போது தலையைக் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். "படி எறங்கக் கூடாது, ப்ளேன் ஏறக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. ஒங்களைக் கூப்பிட அவ ஏர்போர்ட்டுக்கு வந்ததுக்கே எனக்குத் திட்டு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"அவதான் வேணாம்னா. அம்மா அழுவாங்க, வந்து கையோட கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்கன்னா. அப்பா வந்ததும் நானே சொல்றேன் மாமான்னா. வந்தப்புறம், நீங்க சொல்லுங்க மாமான்னுட்டா. நான் எங்கேருந்து சொல்றது? பகோடா காமிச்சேன். தன்லியின் காமிச்சேன். அப்புறம் காமிக்க ஒண்ணும் இல்ல."

போன வருடம் மழைக்காலத்தில் அவள் போனில் பேசியது நினைவுக்கு வந்தது. நன்றாக இருக்கிறேன் அப்பா, மழைதான் விடமாட்டேன் என்கிறது என்றாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. நான் எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொன்னேன். குளம் நிரம்பியதைச் சொன்னேன். வேறு எதையும் கேட்கவில்லை.

அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று தோன்றியது. அதை முகத்துக்கு நேராகச் செய்ய வேண்டும் என்றும் தோன்றியது. எழுந்து நின்றேன்.

மாப்பிள்ளை சொன்னது சரிதான். படகு குப்புறத் தூங்கியது.

தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தது. எனக்கும் நீச்சல் தெரியாது, அவருக்கும் தெரியாது. இருவரும் கொஞ்ச நேரம் தத்தளித்துக்கொண்டிருந்தோம். பிறகு சம்பந்தியின் கால் தரையில் பட்டது. மார்பளவுதான் தண்ணீர், கீழே சேறு. அவருடைய லுங்கி காற்றை அடைத்துக்கொண்டு சுற்றிலும் பெரிய குடை மாதிரி மிதந்தது. ஒரு கையால் மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் என் ஜாக்கெட் கயிற்றைப் பிடித்திருந்தார்.

"எதுக்கு எழுந்தீங்க சம்பந்தி?" என்று கேட்டார்.

காரணம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "கால் மரத்துப்போச்சு" என்றேன்.

விசில் தண்ணீர் குடித்திருந்ததால் சத்தம் வரவில்லை. ஆனால் நாங்கள் விழுந்த சத்தம் கேட்டுக் குரங்குகள் எழுப்பிய கூச்சலில் மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். முதலில் வந்தது ஜப்பானியத் தம்பதி. அந்த அம்மாள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் தன் துடுப்பை என் பக்கம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். அவருடைய கணவர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். மார்பளவு தண்ணீரில் நிற்கிறவன் எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு நானும் குனிந்தேன்.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. எங்களைக் கரையேற்றி, படகை நிமிர்த்தி, பூங்காக் காவலரின் குடிசையில் உலர்ந்த லுங்கி வாங்கிக் கொடுத்து, டீ வைத்துக் கொடுத்தார். பிறகு தன் அப்பாவிடம் பர்மிய மொழியில் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். சம்பந்தி தலையசைத்தார். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, தமிழைத் தேடினார்.

"மாமா. அன்னிக்கு நான் இல்ல. அது... எனக்கு..." என்றார். 

"உக்காருங்க மாப்பிள்ளை. டீ ஆறிடும்" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது கவிதா பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். யாரோ ஒருவருடைய லுங்கியில், சேறு காய்ந்த தலையோடு இரண்டு பேரும் தெருவில் நடந்து வருவதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், நாங்கள் மேலே வந்து என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"மாமா சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டார்."

சம்பந்தி கடையைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அதே கோலத்தில் இறங்கிப் போனார். அவள் என் பக்கத்தில் தரையில் உட்காரப் பார்த்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"பயமா இருக்குப்பா" என்றாள். "அங்க வந்தா எல்லாரும் பாத்துப்பீங்க, தெரியும். ஆனா இந்த டாக்டரம்மாவுக்கு என்னைத் தெரியும். அன்னிக்கு நடந்ததும் தெரியும். இங்கயே இருந்துடுறேனே."

"இரு" என்றேன். வேறு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது ஒன்றுதான் வந்தது. அவளுடைய தலையில் கை வைத்தேன். என் கையில் ஏரிச் சேற்று வாடை அடித்தது. அவள் கையைத் தள்ளவில்லை.

அம்மாவிடம் நான் சொல்லட்டுமா என்றதற்கு, வேண்டாம், நானே சொல்கிறேன் என்றாள். மன்னார்குடியில் காய்கறிக்காரர்கூட செல்போன் வைத்திருந்த காலம் அது. யாங்கோனில் அது இன்னும் பெரிய மனிதர் சமாச்சாரம். தெருவோரத்தில் மேஜை போட்டு, சாதாரண போனை வைத்துக்கொண்டு, உள்ளூர்ப் பேச்சு பேசவிடுகிறார்கள். வெளிநாட்டுக்கு அது உதவாது. கீழ்வீட்டில் ஒரு வியாபாரியின் போனில் இந்தியா கிடைக்கும். மறுநாள் சம்பந்தி அங்கே சொல்லிவைத்தார். கவிதாவை நாற்காலியில் உட்காரவைத்து, மாப்பிள்ளையும் இன்னொருவரும் தூக்கி இறக்கினார்கள். சம்பந்தி ஒவ்வொரு படியாக முன்னால் இறங்கிக்கொண்டு, கையை விரித்தபடி பின்னோக்கி நடந்தார்.

கவிதா வெகுநேரம் பேசினாள். முதலில் அழாமல் பேசினாள், பிறகு அழுதுகொண்டே பேசினாள், பிறகு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் போனை என்னிடம் கொடுத்தாள். ருக்மணி என்னைத் திட்டுவாள் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவள் திட்டவில்லை.

"பாஸ்போர்ட்டுக்கு எங்க போய் எழுதிக் கொடுக்கணும்?" என்று கேட்டாள். தஞ்சாவூருக்கு அந்தப்பக்கம் தனியாகப் போகாதவள். சொன்னேன். "அங்க பூண்டு நல்லதா கெடைக்குதா?" என்றாள். கிடைக்கிறது என்றேன். "நாட்டுப் பூண்டா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "ஒண்ணும் பாக்கமாட்டீங்க" என்றாள். லைனில் இரைச்சல்தான் வந்தது. கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"சம்பந்திகிட்ட நல்லா பேசுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் கிளம்புவதற்கு முன்பு கவிதாவுக்கு டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. மாப்பிள்ளைக்கு ஏரியில் ஆட்கள் காத்திருந்தார்கள். போகமாட்டேன் என்றவரை நாங்கள்தான் அனுப்பி வைத்தோம். மறுபடி நாற்காலி இறக்கம், மறுபடி டாக்ஸி. இந்தத் தடவை முன் சீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளை நடுவில் வைத்துக்கொண்டு இருவருமே பின்னால் உட்கார்ந்தோம்.

சின்ன ஆஸ்பத்திரி. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். உள்ளே நீல பெஞ்சு. எங்கள் முறை வந்ததும் நர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். கூட ஒருத்தர்தான் வரலாம். சம்பந்தி என் தோளைத் தள்ளினார்.

"நீங்க போங்க சம்பந்தி. நீங்கதான போகணும்."

"நீங்க போங்க" என்றேன். "அவங்க சொல்றது எனக்குப் புரியாது."

அது உண்மை. ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லுங்கியை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டு கவிதாவின் பின்னால் உள்ளே போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, படிக்கத் தெரியாத ஒரு சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பர்மியக் கிழவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். என்னிடம் ஏதோ கேட்டார். எதைக் கேட்டாரோ, நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கதவு திறந்தது. முதலில் சம்பந்தி வந்தார். "தையல் நல்லா இருக்காம். புள்ளை நல்லா இருக்காம். நெஞ்சு துடிக்கிற சத்தம் கேட்டேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கவிதா பின்னால் மெதுவாக நடந்து வந்தாள். மூவரும் வாசலுக்குப் போனோம். அங்கே கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னால குனிய முடியாது. யாராவது எடுத்துப் போடுங்க" என்றாள்.

இரண்டு பேரும் குனிந்தோம். ஆளுக்கு ஒரு செருப்பு கிடைத்தது.